புட்டியறைச் சாவி

அந்த ஓட்டலில் குடிக்காத ஆள் என்று பார்த்தால் இரண்டே பேர்தான். இரண்டு பேரும் காரைக்கால் பெண்கள். மற்றபடி சமையற்காரர் குடிப்பார், தோட்டக்காரர் குடிப்பார், கணக்கு எழுதுகிறவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த அலுப்புக்குக் குடிப்பார். முதலாளியம்மா மதாம் ஊகெட் தலைவலி வந்தால் மட்டும் குடிப்பார். அவருக்குத் தினமும் தலைவலி வரும்.

தீவின் தெற்குக் கரையில், பெல் ஒம்ப்ர் கரும்புக்காடு முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில், சவுக்குத் தோப்புக்கு நடுவே இருந்தது ஓட்டல். மேட்டுநிலத்துக் குளிர் தாங்காத வெள்ளைக்காரக் குடும்பங்களும், கப்பல் கம்பெனி ஆட்களும், வெயில் காய வருகிற ஆங்கிலேய அதிகாரிகளும் வந்து தங்குவார்கள். அடுத்த வருஷம் ஊரில் எல்லாருக்கும் ஓட்டு என்று பேச்சு அடிபட்ட சமயம் அது. சமையற்காரருக்கும் ஓட்டு, சலவைக்காரிக்கும் ஓட்டு என்றால் உலகம் என்ன ஆவது என்று வராந்தாவில் உட்கார்ந்து பொழுதன்னைக்கும் கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டால் தொண்டை வறளும். அதனால் புட்டியறைக்கு வேலை அதிகம்.

புட்டியறை என்பது சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த கல் அறை. ஒயின், விஸ்கி, ரம் எல்லாம் அதற்குள்தான். அதன் சாவி முதலில் ஜான்-க்ளோட் கையில் இருந்தது. வராந்தாவில் கிளாஸ் நிரப்புகிறவன் அவன். புட்டிகள் குறைந்தபோது, வெயிலுக்கு ஆவியாகிப் போகிறது மதாம் என்றான். மூடி திறக்காத புட்டி முழுசாக எப்படி ஆவியாகும் என்று மதாம் கேட்டதற்கு, அது மிகவும் கடுமையான வெயில் என்றான். சாவியைப் பிடுங்கி சமையற்காரரிடம் கொடுத்தார்கள். அந்த மாதம் விருந்தாளிகளுக்குக் கிடைத்த குழம்பெல்லாம் ஒயின் வாசனையோடு வந்தது, சமையற்காரரும் அப்படியே வந்தார். கடைசியில் மதாமே சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். அந்த மாதத்தைப் போல ஒரு மாதமும் புட்டிகள் குறைந்ததில்லை. அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் மதாம் எல்லாரையும் சமையற்கட்டில் வரிசையாக நிறுத்தி, இங்கே குடிக்காதது யார் என்று கேட்டார். வரிசை முழுக்கத் திரும்பிப் பல்கீசைப் பார்த்தது. பல்கீஸ் மடித்த போர்வைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் நின்ற சபூராவும் குடிக்காதவள்தான். ஆனால் சபூரா கையில் எதைக் கொடுத்தாலும் அரைமணியில் தொலைந்துவிடும் என்பது ஊருக்கே தெரியும்.

பல்கீஸ் முடியவே முடியாது என்றாள். சுமக்கிறவருக்கும் ஊற்றுகிறவருக்கும் விற்கிறவருக்கும் சேர்த்துத்தான் சாபம் என்று சின்ன வயதில் ஆலிம்சா பயானில் உபதேசித்தது அவள் காதில் இன்னும் இருந்தது. மதாம் விடவில்லை. சுமக்க வேண்டாம், ஊற்ற வேண்டாம், தொடக்கூட வேண்டாம், கதவைத் திறந்து மூடினால் போதும் என்று கெஞ்சினார். பல்கீஸ் ஒரு பகல் முழுக்க யோசித்தாள். பூட்டுவதற்குச் சாபம் என்று யாரும் சொன்னதில்லை. பூட்டினால் குடி குறையத்தானே செய்யும்? இடிப்பது திறப்பதுதான். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். யாருக்குப் புட்டி வேண்டுமோ அவர்களே சாவியை வாங்கித் திறந்துகொள்ள வேண்டும். அவள் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். அவர்கள் வெளியே வந்ததும் சாவியை வாங்கி, பிஸ்மில்லா சொல்லி அவள் பூட்டுவாள். ஆக, திறக்கிற பாவம் ஜான்-க்ளோட் தலையில், பூட்டுகிற நன்மை அவள் கணக்கில். இந்த ஏற்பாட்டில் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தன் தலையில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, இதுவும் கிடக்கட்டும் என்றான்.

சும்மா ஒப்புக்கொள்ளவில்லை பல்கீஸ். பன்றி பட்ட பாத்திரம் கலக்காத தனி அடுப்பு வேண்டும் என்றாள். சரி என்றார் மதாம். வெள்ளிக்கிழமை மதியம் வேலை கிடையாது என்றாள். அதற்கும் சரி. அப்புறம் கொஞ்சம் தயங்கி, துணி அறைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறை தனக்கு வேண்டும், அதன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்க வேண்டும் என்றாள். இவ்வளவுதானா என்று மதாம் கேட்டதும், இன்னும் ஏதாவது கேட்டிருக்கலாமோ என்று அவளுக்கு ஆதங்கமாகப் போய்விட்டது.

தாழ்ப்பாளில் என்ன இருக்கிறது என்று மதாமுக்குத் தெரியாது. பல்கீசுக்குத் தெரியும். கல்யாணமாகி இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவள் அவள். அவள் புருஷன் ரிவியேர் தே ஸாங்கீய் கடைத்தெருவில் தன் அண்ணன் நெய்னா மரைக்காயருடைய ஜவுளிக்கடையில் துணி அளந்தான். காய்ச்சலில் விழுந்து ஒரே வாரத்தில் மவுத்தானான். துக்கம் காக்கிற இத்தா நாட்கள் முடிந்ததும் நெய்னா மரைக்காயர், தம்பி பொண்டாட்டியைத் தெருவில் விடுவேனா என்று சொல்லித் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. சோறு போட்டார், துணி கொடுத்தார். இடம் மட்டும் இல்லை. சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த நடையில் பாய் விரித்துப் படுத்தாள் பல்கீஸ். தண்ணீர் குடிக்கப் போகிற பிள்ளைகள் அவளைத் தாண்டிக்கொண்டு போவார்கள். தாண்டத் தெரியாத பிள்ளை மிதித்துக்கொண்டு போகும். அழவேண்டும் என்றால்கூட எல்லாரும் பார்க்கத்தான் அழவேண்டும். அதனால் அவள் அழுவதையே விட்டுவிட்டாள்.

ஓட்டலில் துணிமணிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சபூரா வந்து சொன்னபோது, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள்தான். சபூரா கதை வேறு. அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போனான், திரும்பி வர மறந்துவிட்டான். கேட்டால், வருவாரு லாத்தா, கடல் பெருசுல்ல என்பாள். சொல்லிவிட்டு நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பாள்.

தனி அறைக்குப் போன முதல் நாள், பல்கீஸ் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடியும் போட்டாள். தொழுதாள். அப்புறம் புருஷனை நினைத்து, மூன்று வருஷத்துக்கு மேல் தள்ளி, நிம்மதியாக ஒரு மூச்சு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்குப் பத்து வயது குறைந்திருந்தது என்று சபூரா சொல்வாள். சபூரா எதையும் கூட்டித்தான் சொல்வாள், ஆனாலும் இதில் கொஞ்சம் உண்மை உண்டு.

சாவி கைமாறியதும் புட்டி குறைவது நின்றுபோயிற்று. காரணம் அவள் மூக்கு. எல்லாரும் குடிக்கிற இடத்தில் யார் குடித்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பல்கீசுக்கோ வாசல் தாண்டும்போதே தெரிந்துவிடும். ஜான்-க்ளோட் கிராம்பு மென்று பார்த்தான், வெங்காயம் கடித்துப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், முக்காட்டு நுனியால் மூக்கை மூடிக்கொள்வாள். அவ்வளவுதான், மதாமுக்குச் செய்தி போன மாதிரி. மதாமே இரண்டு தடவை சாவி கேட்டு வந்து, அந்த முக்காட்டு நுனி மூக்குக்குப் போவதைப் பார்த்துவிட்டு, தலைவலி சரியாகிவிட்டது என்று திரும்பிப் போனார்.

எல்லாம் சரி. இந்தச் சாவி விஷயம் ரிவியேர் தே ஸாங்கீய்க்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே வேலை போயிற்று. நெய்னா மரைக்காயர் பள்ளிவாசல் ஜமாத்தில் பெரிய கை. கடைத்தெருவில் யாராவது தள்ளாடி நடந்தால் அந்தத் திசைக்கே முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறவர். பெருநாளைக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பல்கீஸ் போர்வை பற்றியும் தலையணை உறை பற்றியும் மட்டும் பேசுவாள். பொய் என்று சொல்ல முடியாது. போர்வையும் அவள்தான் பார்த்தாள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை, அஸர் தொழுகை முடித்து அவள் முசல்லாவை மடித்துக்கொண்டிருக்கையில் சபூரா கதவை இடித்தாள்.

"லாத்தா, பெரிய மச்சான் வந்திருக்காங்க. மதாமோட வராந்தாவுல நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. வந்து ரொம்ப நேரம் ஆச்சுபோல."

தொழுகைப் பாயைப் பாதி மடிப்பில் விட்டுவிட்டு எழுந்து கதவைத் திறந்தாள் பல்கீஸ். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துச் சபூரா கையில் திணித்தாள். தொலைத்தால் கொன்றுவிடுவேன் என்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓடினாள்.

போய்ப் பார்த்தால் நெய்னா மரைக்காயர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்த்த பிரம்பு நாற்காலி. தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி. எதிரே டீக் கோப்பை, பக்கத்தில் துடைத்துவிட்ட மாதிரி ஒரு காலித் தட்டு. நெற்றியில் கொஞ்சம் வேர்வை. இருபது வருஷமாக இந்தத் தீவில் துணி விற்கிறவரை எந்த வெள்ளைக்காரியும் இதுவரை உட்கார் என்று சொன்னதில்லை. மதாமோ, தன் பல்கீசின் புருஷனுடைய அண்ணன் என்றதும் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுவிட்டார்.

சலாம் சொல்லி எட்டத்தில் நின்றாள் பல்கீஸ். அவர் வந்த காரியத்தை நேராகச் சொன்னார். தலைநகரத்தில் டிராங்கெபார் என்கிற பேட்டையில் பழைய சாக்கு வியாபாரம் செய்கிற ஒரு ஹாஜி இருக்கிறார். இரண்டு மனைவிகளை அடக்கம் செய்தவர். வயது கூடத்தான், ஆனாலும் சொந்த வீடு. அவருக்குப் பல்கீசைக் கேட்கிறார்கள். நெய்னா மரைக்காயர் வாக்குக் கொடுத்துவிட்டார். இன்றைக்கே துணிமணியைக் கட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸில் தன்னோடு கிளம்ப வேண்டியது. இதைச் சொல்லிவிட்டு, கடலைப் பார்த்து, என்ன காற்று, என்ன காற்று என்றார்.

பல்கீசுக்குக் கண்ணெதிரே அவளுடைய சின்ன அறை வந்து நின்றது. ஹாஜி வீட்டில் இரண்டு தாரத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் இருப்பார்கள். அங்கேயும் ஒரு நடை இருக்கும், ஒரு பாய் இருக்கும். போகமாட்டேன் என்று வாய்வரைக்கும் வந்தது. பெரியவர் முகத்துக்கு நேரே சொல்லிப் பழக்கமில்லாததால் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து மதாம் திரும்பி வந்து பாராட்ட ஆரம்பித்தார். துணி விற்கிறவருக்கு பிரெஞ்சு நன்றாகவே புரியும். பல்கீஸ் மாதிரி நாணயமான ஆளை இந்தத் தெற்குக் கரையிலேயே பார்த்ததில்லை என்றார் மதாம். இந்த வீட்டில் விலை உயர்ந்தது எதுவோ அது அவள் பொறுப்பில்தான் இருக்கிறது, அவளில்லாவிட்டால் என் கதி என்ன ஆகும் மிஸியே என்றார். விலை உயர்ந்தது என்றால் எது என்று நெய்னா மரைக்காயர் கேட்க வாயைத் திறந்தார். கதவோரம் நின்ற சபூராவுக்கு அப்போது ஒரு இருமல் வந்தது பாருங்கள், அப்படி ஒரு இருமலை அந்த ஓட்டல் கேட்டதில்லை. குனிந்து நிமிர்ந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர இருமினாள். மதாம் பதறிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, மிஸியேவுக்கு இன்னொரு கேக்கும் கொண்டுவரச் சொல்லிவிட்டு, உள்ளே விருந்தாளிகள் கூப்பிடவே போய்விட்டார்.

நெய்னா மரைக்காயர் காலைக் கொஞ்சம் நீட்டினார். அவர் குரலே மாறியிருந்தது. வழக்கமாக விலை பேசுகிற மாதிரி கறாராகப் பேசுகிறவர், இப்போது வெல்லப்பாகு மாதிரி இழுத்துப் பேசினார். நல்ல மனுஷங்களாத்தான் இருக்காங்க, பல்கீசு, என்றார். இங்கே உனக்கு ஒரு மரியாதை இருக்கிறதைப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது என்றார். தம்பி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல்கீஸ் அசந்துபோனாள். தம்பி மய்யித்தைத் தூக்கியபோதுகூட அவர் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. ஹாஜி கொஞ்சம் பொறுக்கட்டும்னு சொல்லிப் பாக்கலாமா என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு வார்த்தை. இங்கேயே இரு என்று மட்டும் அவர் சொல்லிவிட்டால் போதும்.

அப்போதுதான் ஜான்-க்ளோட் தட்டைக் கொண்டுவந்தான். அவளை உரசாத குறையாகத் தாண்டிப் போனான். அவள் கை தானாக முக்காட்டு நுனிக்குப் போயிற்று.

ரம். லேசாகக்கூட இல்லை. பஞ்சு மாதிரி உப்பிய கேக், பாகோடு ரம்மைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போய், தட்டில் ஒழுகிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை விருந்துக்கு அந்த ஓட்டலில் செய்கிற பலகாரம் அது. ஜான்-க்ளோடைக் குறை சொல்வதற்கில்லை. மதாமையும் சொல்வதற்கில்லை. முசல்மானுக்கு ரம் ஆகாது என்பது இருவருக்கும் மனப்பாடம். ஆனால் கேக்கைத் தின்பதும் குடியில் சேரும் என்று அவர்களுக்குக் கனவிலும் தோன்றவில்லை. அவர்கள் ஊரில் அதைப் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுப்பார்கள். பல்கீசின் கண் அந்தக் காலித் தட்டுக்குப் போயிற்று. அப்புறம் அவருடைய வேர்த்த நெற்றிக்குப் போயிற்று. வெல்லப்பாகுக் குரல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஜான்-க்ளோட் தட்டை வைத்துவிட்டு, மிஸியேவுக்கு முதல் துண்டு ரொம்பப் பிடித்துவிட்டது என்று அவளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

இருமல் நின்ற சபூரா மெல்ல அவள் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கும் வாசனை புரிந்துவிட்டது.

"பேசாம இருங்க லாத்தா," என்று காதில் ஓதினாள். "அவங்களுக்குத் தெரியாது, அதனால அவங்களுக்குப் பாவமில்ல. இதையும் தின்னுட்டாங்கன்னா ஹாஜியை மறந்துட்டு பஸ் ஏறிப் போயிடுவாங்க."

ஷைத்தான் ஆம்பிளையாகத்தான் வருவான் என்று யார் சொன்னது? பல்கீஸ் நின்றாள். நியாயமாகப் பார்த்தால் சபூரா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவள் ஊற்றவில்லை, சுமக்கவில்லை, விற்கவில்லை. அந்தப் புட்டி புட்டியறையை விட்டு வந்தபோதுகூட அவள் திரும்பித்தான் நின்றிருந்தாள். இப்போதும் திரும்பி நின்றால் போதும், கடலைப் பார்க்கலாம். அவர் தின்பார், மனசு இளகும், அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார். ராத்திரி அவள் தன் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுக்கலாம். அவருக்குப் பாவமில்லை, சரிதான். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு? அவளுக்கு அந்த அறையின் மேல் அவ்வளவு ஆசை இருந்தது. எவ்வளவு ஆசை என்றால், அந்தக் கேக்கைத் தானே ஊட்டிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. தோன்றியதும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

நெய்னா மரைக்காயர் கரண்டியை எடுத்தார். ஒரு ஓரத்தை வெட்டினார். கரண்டி வாய்ப்பக்கம் போயிற்று.

பல்கீஸ் இரண்டே எட்டில் போய்த் தட்டை இழுத்துக்கொண்டாள். இழுத்த வேகத்தில் கரண்டியில் இருந்ததும் அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. விருந்தாளி வாய்க்கு முன்னாலிருந்து தட்டைப் பிடுங்குவது காரைக்காலில் யாரும் செய்யாத காரியம். அவர் முகம் தொப்பியின் நிறத்துக்கு வந்தது. என்ன பழக்கம் இது என்றார்.

"பெரிய மச்சான், இதுல ரம் இருக்கு."

சட்டையிலிருந்ததை அவர் துடைக்கவில்லை. காலித் தட்டைப் பார்த்தார். உனக்கெப்படித் தெரியும் என்றார். வாசனை என்றாள். வாசனை உனக்கெப்படித் தெரியும் என்றார். இதற்குப் பதில் சொன்னால் கதை முடிந்தது. தட்டைப் பிடுங்கியாயிற்று, இனி பாதி உண்மை எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது.

"இங்க சாராயம் வைக்கிற அறைச்சாவி என்கிட்டத்தான் இருக்கு. நான் திறக்கறதில்ல. பூட்டுறது மட்டும்தான்."

சபூரா முன்னால் வந்து, எவ்வளவு மரியாதையாக முடியுமோ அவ்வளவு மரியாதையாக, இந்தாங்க லாத்தா உங்க சாவி என்று அதை அவள் கையில் வைத்தாள். அன்றைக்கென்று பார்த்து அவள் அதைத் தொலைக்கவில்லை. சில பேருக்கு நல்ல புத்தி வேண்டாத நேரத்தில்தான் வரும்.

அப்புறம் நெய்னா மரைக்காயர் பேசியதையெல்லாம் இங்கே எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. வெல்லப்பாகு போய்க் கறார் குரல் வந்தது. ஜமாத்தில் என் முகம் என்ன ஆகும் என்றார். மரைக்காயர் வீட்டுப் பெண் சாராயக் கடைக்குக் காவல் நிற்கிறாளா என்றார். ஹாஜி காதுக்குப் போனால் என்னாவது என்றார். உடனே போய் மூட்டையைக் கட்டு என்றார். எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்த பல்கீஸ், மூட்டை என்றதும் நிமிர்ந்தாள். தொண்டையில் நின்ற வார்த்தை இப்போது தடையில்லாமல் வந்தது.

"நான் வரல, பெரிய மச்சான். நீங்க எனக்குச் சோறு போட்டீங்க, அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் குடுப்பான். ஆனா உங்க வீட்டுல நான் மூணு வருஷம் நடையில படுத்தேன். உங்க புள்ளைங்க என்னை மிதிச்சுக்கிட்டு தண்ணி குடிக்கப் போவாங்க. நீங்களும் ஒரு தடவை மிதிச்சீங்க. யாருன்னுகூடப் பாக்கல."

அப்படி ஒன்று நடந்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. அதுதான் அவரை அடித்தது. கோபத்தோடு குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

கோபித்துக்கொண்டு போகிறவராக இருந்தாலும் பெரியவரை வாசலோடு அனுப்புவது வழக்கமில்லை. பல்கீஸ் பத்தடி பின்னால் நடந்தாள். ரோட்டில் சவுக்கு மரத்தடியில் அவர் நின்றார், அவளும் நின்றாள். பஸ் வரவில்லை. கரும்பு வண்டி ஒன்று போயிற்று. அவர் சட்டையில் அந்தப் பாகுக் கறை இன்னும் இருந்தது, ஈ ஒன்று அதையே சுற்றிச் சுற்றி வந்தது. அவர் விரட்டிக்கொண்டே இருந்தார்.

ரோட்டைப் பார்த்தபடியே, முதல் துண்டு தெரியாமல் தின்றது, அதற்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். தெரியாமல் தின்றதற்குக் குற்றம் இல்லை என்றாள் பல்கீஸ். அவர் தலையை ஆட்டினார். ஆனால் அதோடு விடவில்லை. குடை நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். ஈ மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அவர் அதை விரட்டவில்லை.

"முதல் துண்டு முடியறப்பவே காது ரெண்டும் சூடாச்சு," என்றார். "என்னடா இதுன்னு நினைச்சேன். நினைச்சிட்டுத்தான் ரெண்டாவதுக்குக் கரண்டியை எடுத்தேன்."

துருக்கித் தொப்பியும் நரைத்த தாடியுமாக, ஊருக்கெல்லாம் முதுகைக் காட்டி உட்காருகிற மனிதர், சட்டையில் ரம்மோடு ரோட்டோரம் நின்றுகொண்டு அவளைக் கேட்டார்:

"நீ பிடுங்கலேன்னா நான் அதைத் தின்னிருப்பேன்னு நினைக்கிறியா?"

அவளுக்கு அவர் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பாவமாகவும் இருந்தது. அவர் கரண்டியைப் பிடித்த பிடியை அவள்தானே பக்கத்திலிருந்து பார்த்தாள். இந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொன்னால், இந்த மனிதர் இனி எந்தத் தொழுகை வரிசையிலும் நிம்மதியாக நிற்கமாட்டார்.

"தின்னிருக்க மாட்டீங்க, பெரிய மச்சான்," என்றாள். "வாய்க்கிட்ட போனதும் நீங்களே கீழ வச்சிருப்பீங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தம்பி பொண்டாட்டியாகி இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளை இப்படி நேராகப் பார்த்ததில்லை. அவள் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். தட்டில் வைத்த உண்மையைவிட இது பெரிய உபசாரம் என்று அந்தத் துணிக்கடைக்காரருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவள் மூட்டை எங்கே என்று கேட்கவில்லை. பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டினார்.

"ஹாஜிகிட்ட நான் பேசிக்கறேன். நீ போய் உன் வேலையைப் பாரு."

அதை வேலை என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ் வளைவு திரும்பும்வரை பல்கீஸ் அடக்கமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரும்பியதும் சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்க, முக்காடு நழுவச் சிரித்தாள். அப்புறம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டலுக்கு நடந்தாள். பொழுது சாய்ந்துவிட்டது, வராந்தாவில் தொண்டை வறண்டுபோய்க் காத்திருப்பார்கள், ஜான்-க்ளோட் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அவளைத் திட்டிக்கொண்டிருப்பான்.